ஈயக்குண்டு வார்க்கக் கிளம்பும் முன்: எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளில் ஒரு சாயங்காலம் ராடும் ரீலுமாக நின்றிருந்தால் தெரியும், அந்தக் கல்லிடுக்குகள் எவ்வளவு ஈயத்தைத் தின்னும் என்று. தூண்டில் நரம்பைத் தண்ணீருக்குள் இறக்கக் கட்டும் ஈயக்குண்டுகளில் எனக்கு ஒரே மாலையில் ஏழு போனது. கிடைத்தது ஒரு கீச்சான். வீட்டுக்கு வரும் வழியிலேயே "நாமே வார்த்தால் என்ன?" என்ற எண்ணம் வந்துவிட்டது. உங்களுக்கும் அப்படி வந்திருந்தால் இதைப் படியுங்கள். ஆனால் படித்து முடிக்கும் வரை எதற்கும் ஆர்டர் போடாதீர்கள்.

முதலில் ஒரு நோட்டு

முதல் கருவி ஒரு நோட்டும் பேனாவும்தான். இரண்டு மாதத்துக்கு, ஒவ்வொரு முறை மீன்பிடிக்கப் போய் வந்ததும், எந்த எடைக் குண்டு எத்தனை போனது, மணல் அடியா கல் அடியா என்று எழுதி வையுங்கள். மாதம் ஏழெட்டுக் குண்டுதான் போகிறது என்றால் வார்க்கும் வேலையே வேண்டாம். கடையில் வாங்குவது மலிவு, உடம்புக்கும் நல்லது. மாதம் முப்பது நாற்பது போகிறவருக்கும், நாலைந்து பேர் சேர்ந்து போகிற கூட்டத்துக்கும்தான் இந்த வேலை கட்டும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். குண்டை மட்டும் பிரதான நரம்பைவிட மெல்லிய நரம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். குண்டு கல்லில் மாட்டினால் அந்த மெல்லிய நரம்பு மட்டும் அறும், தூண்டில் முள்ளும் மீனும் மிஞ்சும். குண்டின் எண்ணிக்கை இதனால் குறையாது, ஆனால் போகிற மொத்தச் செலவு குறையும். ஒன்று, வீசும்போது அந்த நரம்பு அறுந்தால் குண்டு பறக்கும். அதனால் முழு விசையில் வீச இது ஆகாது, பக்கத்தில் ஆள் நின்றாலும் ஆகாது. கல்லோரம் மெதுவாகத் தூக்கிப் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு இன்னொரு விதத்திலும் உதவும். எந்த அச்சு வாங்குவது என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அழகான அச்சைப் பார்த்து வாங்கிவிட்டு, அந்த எடை தங்கள் ராடுக்கு ஒத்துவராமல் விழிப்பார்கள்.

எந்த ஈயம்?

"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த காலம் நினைவிருக்கிறதா? அந்த ஈயத்தில் அலுமினியச் சட்டிதான் அதிகம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே. நமக்கு வேண்டியது காரீயம். காயலான் கடையில் வெறுமனே "ஈயம் இருக்கா?" என்று கேட்டால் மூன்றில் எது வேண்டுமானாலும் கிடைக்கும். "காரீயம், கறுப்பு ஈயம்" என்று கேளுங்கள்.

கையில் எடுத்தாலே பாதி தெரிந்துவிடும். காரீயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 11.34 மடங்கு, வெள்ளீயத்துக்கு 7.3 மடங்கு. நகத்தால் கீறினால் காரீயத்தில் பளிச்சென்று கோடு விழும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு வரும். வெள்ளீயக் கம்பியைக் காதருகே பிடித்து வளைத்தால் கிறுகிறுவென்று சத்தம் கேட்கும், காரீயம் வாய் திறக்காது.

நல்ல சரக்கு என்றால் பழைய தொலைபேசிக் கேபிளின் ஈய உறை, பழைய ஈயக் குழாய், மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலையோடு வரும் பழைய குண்டுகள். மென்மையாக இருக்கும், சீக்கிரம் உருகும். டயர் கடையில் கிடைக்கும் வீல் பேலன்ஸ் குண்டுகளும் ஆகும், ஆனால் கொஞ்சம் ஆன்டிமனி கலந்திருப்பதால் கடினம். அதோடு இப்போது அவற்றில் துத்தநாகக் குண்டுகளும் இரும்புக் குண்டுகளும் கலந்து வருகின்றன. கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். ஈயத்தில் பல் இறங்கும், துத்தநாகத்தில் வழுக்கும். ஒன்றிரண்டு தப்பி உள்ளே விழுந்தாலும், ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-இல்தான் உருகும் என்பது நமக்குச் சாதகம். 370-ஐத் தாண்டாமல் உருக்கினால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். சூடு ஏறி அது கரைந்துவிட்டால் மொத்தச் சரக்கும் கூழாகிப் போகும், அச்சில் இறங்காது.

பேட்டரி ஈயம் மட்டும் வேண்டாம். மலிவாகக் கிடைக்கும், "நான் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அந்தத் தகடுகளில் கந்தக அமிலமும் ஈயக் கூட்டுப்பொருள்களும் ஊறிக்கிடக்கும். கலந்திருக்கும் ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் சாதகமில்லாத நேரத்தில் நச்சு வாயுவாகக் கிளம்பும். வீட்டில் அதை உருக்கப் பாதுகாப்பான வழியே கிடையாது.

பணத்தை முதலில் போட வேண்டிய இடம்

சட்டிக்கும் அச்சுக்கும் முன்னால் முகத்துக்கும் கைக்கும் வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, இடது புருவத்தில் சின்னத் தழும்பு இன்னும் இருக்கிறது. காரணம் அற்பமானது. கழுவி வைத்த கரண்டியை, காய்ந்துவிட்டது என்று நினைத்து உருகிய ஈயத்துக்குள் முக்கினேன். பிடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்திருக்கிறது.

தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். ஈயத்தின் மேல் விழும் சொட்டு பெரும்பாலும் சுர்ரென்று ஆவியாகிவிடும். அதே சொட்டு ஈயத்துக்கு அடியில் போய் மாட்டினால் மேலே இருக்கும் ஈயத்தையெல்லாம் தூக்கி வீசும். நம் ஊர் வெயிலில், அடுப்புப் பக்கத்தில் குனிந்து நிற்கும்போது நெற்றி வியர்வையும் ஒரு சொட்டுத் தண்ணீர்தான். தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை: முழு முகத்தையும் மறைக்கும் ஷீல்டு, அதற்குள் ஒரு கண்ணாடி. வெல்டிங் பட்டறையில் போடும் நீளமான தோல் கையுறை. முழுக்கைப் பருத்திச் சட்டை, பேன்ட் (பாலியஸ்டர் ஆகாது, உருகித் தோலோடு ஒட்டும்). மூடிய தோல் ஷூ. பேன்ட் ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் தெறிக்கும் ஈயம் நேராக ஷூவுக்குள் இறங்கும். செருப்போடு வார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் எதுவும் வாதாட முடியாது. மூச்சுக்கு பி100 அல்லது பி3 வடிகட்டி மாட்டிய ரப்பர் அரைமுகக் கவசம். துணி மாஸ்க் எந்தப் பயனும் தராது.

புகையைவிடத் தூசுதான் வில்லன். 400 டிகிரிக்குப் பக்கத்தில் ஈயம் பெரிதாக ஆவியாவதில்லை. ஆனால் மேலே படியும் சாம்பல் நிறக் கசடு ஈய ஆக்சைடு. அள்ளும்போது பறக்கும், கையில் ஒட்டும், பிறகு சோற்றோடு உள்ளே போகும். குழந்தையின் மூளைக்கு இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-இல் குழந்தைகளின் ரத்த ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று குறைத்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால், இந்த வேலையை வீட்டை விட்டு வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முடியவில்லையா, விட்டுவிடுங்கள்.

இடம் என்றால் கூரை உண்டு, சுவர் இல்லை என்கிற மாதிரியான கொட்டகை. சமையலறையும் அடுக்குமாடி பால்கனியும் ஆகாது. மொட்டை மாடி ஆகும், ஆனால் ஐப்பசி மழை சொல்லிக்கொண்டு வராது. காற்று உங்கள் முதுகிலிருந்து சட்டியை நோக்கிப் போகும்படி நில்லுங்கள். காலடியில் மண் அல்லது சிமென்ட் தரை இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல், தீக்காயத்துக்கு எட்டடி தள்ளிக் குழாய்.

சட்டியும் அடுப்பும்

இதில் மூன்று வழி. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, இரும்புச் சட்டியும் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பும். கனமான அடி கொண்ட சின்ன இரும்புச் சட்டி போதும். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் உருக்காதீர்கள். மூன்று கிலோ ஈயம் என்பது கால் லிட்டர் தண்ணீர் அளவுதான், பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், அடுப்பின் கால் ஆடினால் போதும். வெளியே செங்கல்லை அணைகட்டி அடுப்பை அசையாமல் வையுங்கள். அலுமினியச் சட்டியைத் தொடவே வேண்டாம். நேரடித் தீயில், ஈயத்தின் பாரத்தோடு அது எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. கால்வனைஸ் செய்த தகரத்தில் துத்தநாகம் இருக்கிறது, அதுவும் வேண்டாம். உள்ளே ஈயம் பூசிய பித்தளையும் வேண்டாம், வெள்ளீயத்தோடு காரீயம் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வழியின் குறை சூட்டைக் கட்டுப்படுத்த முடியாதது. அதற்கு ஒரு கே வகைத் தெர்மோகப்பிள் மானி வாங்குங்கள், ஈயத்துக்குள் விடும் உலோகக் குச்சியோடு கிடைக்கும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் மானியை நம்பாதீர்கள். பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும், நூறு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது, கரண்டியால் மொண்டு ஊற்றும் சின்ன மின்சாரச் சட்டி. இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் கொள்ளும். ஜிக் (மீனை ஏமாற்ற ஈயத்தில் வார்க்கும் பொய்யிரை) மட்டும் வார்ப்பவருக்கு இது அளவான பொருள்.

மூன்றாவது, அடியில் துளை வைத்து, பக்கத்து நெம்புகோலைத் தூக்கினால் கீழே ஊற்றும் மின்சாரச் சட்டி. இதில் பலரும் பெயர் சொல்லிக் கேட்பது அமெரிக்காவின் லீ நிறுவனத்தின் புரோ 4-20. 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ கொள்ளும், 700 வாட். துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்களையும் மனதில் வைத்துச் செய்த சாமான், ஆனால் துளைக்குக் கீழே நான்கு அங்குல இடைவெளி இருப்பதால் பெரும்பாலான தூண்டில் அச்சும் உள்ளே போகும். கசடு மேலே மிதக்க, சுத்தமான ஈயம் அடியிலிருந்து வரும். மாதம் நூறு குண்டு வார்ப்பவருக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை. துளையில் சொட்டுவது இந்த வகைச் சட்டிகளின் பிறவிக் குணம். சுத்தமான ஈயம் மட்டும் உள்ளே போட்டால் குறையும். அழுக்குச் சரக்கை நேராக இதில் கொட்டுவது பாவம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் பெட்டியில் 220 வோல்ட் என்று இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். 120 வோல்ட் சட்டியை நம் 230 வோல்ட்டில் செருகினால் அதன் கம்பிச்சுருள் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சாரத்தை இழுத்துச் சீக்கிரமே கருகிவிடும். மின்மாற்றிக்குத் தனியாகச் செலவு செய்வதைவிடச் சரியான வோல்ட்டேஜுக்குக் காத்திருப்பது மேல்.

சின்னக் கணக்கு ஒன்று. அறைச் சூட்டிலிருந்து 400 டிகிரி வரை 5 கிலோ ஈயத்தை உருக்கச் சுமார் 355 கிலோஜூல் வேண்டும். 700 வாட் சட்டி முழுச் சூட்டையும் ஈயத்துக்கே கொடுத்தால் எட்டரை நிமிடம். சட்டியும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால் நிஜத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் ஆசைப்பட்டுச் சூட்டைக் கூட்டும் குமிழை முழுசாகத் திருப்பாதீர்கள்.

சின்னச் சாமான்கள்

மூக்கு வைத்த இரும்புக் கரண்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கொல்லரிடம் கொடுத்து இரும்புத் தாளிப்புக் கரண்டியின் ஓரத்தைச் சற்று மடித்து மூக்கு வைத்துக்கொள்ளுங்கள், மரப்பிடி போட்டு. கசடு அள்ள ஓட்டைக் கரண்டி ஒன்று. ஊற்றுவாயில் நிற்கும் வாலை வெட்டக் கட்டிங் பிளேயர். விளிம்புப் பிசிறை எடுக்கப் பழைய அரம், ஆனால் அரத்தூளும் ஈயத்தூள்தான், ஈரத் துணியின் மேல் வைத்துத் தேயுங்கள்.

சுத்தம் செய்த ஈயத்தைக் கட்டியாக ஊற்றி வைக்க எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாமான், ஓட்டை இல்லாத பழைய எவர்சில்வர் இட்லித் தட்டு. ஒரு குழிக்கு அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வரும், ஈய இட்லி. எண்ணிப் போட எவ்வளவு வசதி! ஆனால் இங்கேதான் என் வீட்டில் சண்டை வந்தது. தட்டு கழுவி, திரும்பச் சமையலறைக்குப் போகப் பார்த்தது. அன்றே அதன் நடுவில் ஆணி அடித்து ஓட்டை போட்டு, ஓரமெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். இந்த வேலைக்கு வந்த எந்தச் சாமானும் சாப்பாட்டுப் பக்கம் திரும்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயின்ட்.

அச்சு: இங்கே அவசரப்படாதீர்கள்

இப்போது அந்த நோட்டை எடுங்கள். எந்த எடை அதிகம் போகிறது, எந்தத் தரையில் போகிறது என்று பாருங்கள்.

மணல் கரையில் அலை இழுக்கும் இடத்துக்குப் பிரமிடு வடிவம், இல்லாவிட்டால் நான்கு கம்பிக் கால் நீட்டிக்கொண்டிருக்கும் வடிவம். கம்பிக்கால் மணலைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் மடங்கி வரும். கழிமுகத்தில் கொடுவாவுக்கு உயிருள்ள இரையை உலவவிட வேண்டும் என்றால் நடுவில் துளை போட்ட முட்டை வடிவம். கல்லுக்கு மெலிந்து நீண்டது, முனை உருண்டது. மூலை உள்ள எதுவும் இடுக்கில் மாட்டும். கல்லில் பிரமிடு வீசுவது பணத்தைக் கடலில் வீசுவதுதான்.

கடையில் வரும் அச்சுகளின் எடை பெரும்பாலும் அவுன்ஸில் இருக்கும். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். 2 அவுன்ஸ் 57, 3 அவுன்ஸ் 85, 4 அவுன்ஸ் 113 கிராம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ராடின் அடியில் எழுதியிருக்கும் வீச்சு எடை 100 கிராம் என்றால், 4 அவுன்ஸ் குழிகள் மட்டும் உள்ள அச்சு உங்களுக்கு ஆகாது. ஒரே அச்சில் 2, 3, 4 என்று மூன்று குழி உள்ளதை முதலில் வாங்குங்கள். ஒரே எடையில் ஆறு குழி உள்ளதை, அந்த எடைதான் உங்களுடையது என்று உறுதியான பிறகு.

அலுமினிய அச்சுதான் ராஜா. அமெரிக்காவின் டூ-இட் நிறுவனம் இதில் பழைய பெயர். கீல் வைத்து இரண்டு பாதியாகத் திறக்கும், மரப்பிடியோடு வரும். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும், சூட்டைச் சீக்கிரம் வாங்கிச் சீக்கிரம் விடும், ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். வாங்கும்போது இரண்டு பாதியையும் மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் ஈயமும் கசியும். பழைய அச்சு என்றால் கீல் ஆட்டம் இருக்கிறதா, விளிம்பில் இரும்புக் கம்பியால் நெம்பிய தழும்பு இருக்கிறதா பாருங்கள். தழும்பு இருந்தால் ஒவ்வொரு குண்டிலும் மீசை முளைக்கும்.

அலுமினிய அச்சுக்குக் காசில்லை என்றால் மாக்கல். சேலத்துப் பக்கம் கல்சட்டி குடையும் அதே கல். உளியும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே குடையலாம், சூட்டைத் தாங்கும், வெடிக்காது. இரண்டு பலகையை மணல்தாளில் தேய்த்துச் சமமாக்கி, மாதிரிக் குண்டின் அளவில் பாதி பாதியாகக் குழி எடுத்து, மேலே புனல் மாதிரி வாயும் பக்கத்தில் காற்று போக முடி அளவு கீறலும் போட வேண்டும். புதிதாக வெட்டிய கல்லை முதலில் வெயிலில் சில நாள், பிறகு மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் காய வையுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு மலிவு, ஒரு மாதிரியைச் சோதிக்க நல்லது. ஆனால் பிளாஸ்டருக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகுதான் அதில் ஈயம் ஊற்றலாம். என் நண்பர் அவசரத்தில் ஊற்றியது, ஊற்றிய வேகத்திலேயே ஊற்றுவாய் வழியாக மேலே எழும்பி வந்தது. சூடு தாங்கும் சிலிக்கோன் ரப்பர் அச்சும் உண்டு, சில டஜன் வார்த்ததும் விளிம்பு பொரியும். அலங்காரமான ஜிக்குக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிக் வார்ப்பவர்களுக்கு

முதல் மாதம் ஜிக் வேண்டாம். குண்டில் கை பழகட்டும். பிறகு வாங்கும்போது அச்சைவிட முள்ளுக்கு முதலிடம் கொடுங்கள். ஒவ்வொரு ஜிக் அச்சிலும் இன்ன மாடல், இன்ன அளவு முள் உட்காரும் என்று எழுதியிருக்கும். முள்ளின் கண் (நரம்பு கட்டும் வளையம்) வளைந்திருக்கும் கோணம் 60 டிகிரியா 90 டிகிரியா என்பது மாறினால் அச்சு மூடாது, அழுத்தி மூடினால் அச்சின் விளிம்பு நசுங்கும். நம் கடைகளில் அந்த முள் தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்த பிறகே அச்சை வாங்குங்கள். அச்சை வாங்கிவிட்டு முள் தேடி அலைந்த கதை என்னுடையது.

சின்ன ஜிக்தலைகளுக்கு (முள்ளோடு சேர்த்து வார்க்கும் ஈயத்தலை) மென்மையான ஈயமே நன்றாக ஓடும். நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் மூக்கும் கண்ணும் கூர்மையாக விழும். கடினச் சரக்கைப் பெரிய குண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாரைக்கும் சீலாவுக்கும் இழுக்கும் நீண்ட உலோக ஜிக் என்றால் உள்ளே தலையிலிருந்து வால் வரை ஒரே துருப்பிடிக்காத கம்பி ஓட வேண்டும். ஈயத்தை மட்டும் நம்பினால் பத்து கிலோ பாரை அதைப் பிய்த்துக்கொண்டு போகும்.

நிறத்துக்குப் பவுடர் பெயின்ட். ஜிக்தலையைச் சூடாக்கிப் பவுடரில் ஒரு நொடி முக்கி எடுத்து, 175 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடம் சுட்டால் கல்லில் அடித்தாலும் எளிதில் உதிராது. சுடும் அடுப்புக்கும் சிவப்புப் பெயின்ட் உண்டு.

முதல் நாள்

1. முந்தின நாளே கரண்டி, அச்சு, ஈயக் கட்டி எல்லாம் வெயிலில் காயட்டும். காலையில் பனி படிந்திருக்கும், பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

2. பழைய சரக்கை இரும்புச் சட்டியில் உருக்குவது ஒரு நாள் வேலை, குண்டு வார்ப்பது இன்னொரு நாள் வேலை. கலக்காதீர்கள். உருகியதும் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறுங்கள். புகையும், தீ பிடிக்கும், பயப்பட வேண்டாம், முகத்தை மட்டும் தள்ளி வையுங்கள். கசடு கறுத்த பொடியாகப் பிரியும். அள்ளி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். பிறகு ஈய இட்லி ஊற்றுங்கள்.

3. உருகிய ஈயத்தில் புதுக் கட்டி போடும்போது, கட்டியைச் சட்டியின் விளிம்பில் சில நிமிடம் வைத்துச் சூடேற்றிய பிறகு கரண்டியால் மெதுவாக இறக்குங்கள். கையால் போடாதீர்கள்.

4. வார்க்கும் நாளில் அச்சின் குழிகளில் மெழுகுவர்த்திப் புகையின் கரியை மெல்லப் படியவிடுங்கள். குண்டு ஒட்டாமல் விழும். அச்சைச் சட்டி விளிம்பில் வைத்துச் சூடேற்றுங்கள்.

5. ஈயம் 370 முதல் 430 டிகிரிக்குள் இருக்கும்போது, தயங்காமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். ஊற்றுவாய்க்கு மேல் சின்னக் குமிழாக ஈயம் நிற்கட்டும். உள்ளே ஈயம் இறுகிச் சுருங்கும்போது அந்தக் குமிழிலிருந்து இறங்கி நிரப்பும். நிற்காவிட்டால் குண்டின் தலையில் பள்ளம் விழும்.

6. குமிழின் பளபளப்பு மங்கியதும் பத்து நொடி எண்ணி அச்சைத் திறவுங்கள். குண்டைத் துணியின் மேல் தட்டுங்கள். குளிர வைக்கத் தண்ணீரில் போடாதீர்கள், அந்தத் தண்ணீர் எப்படியோ சட்டிக்கு வழி கண்டுபிடிக்கும்.

முதல் ஐந்தாறு குண்டு சுருக்கம் விழுந்து கிழவர் முகம் மாதிரி வரும். அச்சு குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பச் சட்டியில் போடுங்கள். மேலே உறைபனி பூத்ததுபோல் மங்கலாக வந்தால் சூடு அதிகம். பாதி நின்றால் ஈயம் குளிர்ந்தது, இல்லை காற்றுக்கு வழியில்லை. விளிம்பில் மீசை வந்தால் அச்சு சரியாக மூடவில்லை, நடுவில் ஒரு துளி ஈயம் ஒட்டியிருக்கும், மரக்குச்சியால் தட்டி எடுங்கள், இரும்பால் சுரண்டாதீர்கள்.

தெறித்துச் சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காதீர்கள், தோலும் வந்துவிடும். பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

முடிந்த பிறகு தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். உடுப்பைத் தனியாக அலசுங்கள். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவும் வரை டீ, பீடி, பாக்கு எதுவும் கிடையாது. கசடு டப்பாவைக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல், ஈயம் வாங்கும் மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டுக் கடற்கரையில் பிளவு குண்டை (நரம்பைக் கவ்வ நடுவில் பிளந்த சின்னக் குண்டு) பல்லால் கடித்து நரம்பில் மாட்டுவது நம் ஊர் வழக்கம். பிளேயர் பையில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய ஆய்வகங்களில் செய்கிறார்கள்.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் அன்னங்கள் ஈயக்குண்டை விழுங்கிச் சாவதால், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயக்குண்டுகளுக்கு 1987 முதல் தடை உண்டு. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயம் கூடாது. அங்கே சின்ன எடைகளுக்குப் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகம் பயன்படும். 58-க்கு 42 கலவை 138 டிகிரியிலேயே உருகும். அதே அலுமினிய அச்சில் வார்க்கலாம், ஆனால் விலை எகிறும், எடையும் குறையும். ஈயம் உருக்கிய சட்டியில் அதை உருக்காதீர்கள், கலந்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை. மின்சாரச் சட்டியில் இரண்டு விரல் கனத்துக்கு ஈயத்தை விட்டுவிட்டு அணையுங்கள். அடுத்த முறை சூடு சீக்கிரம் பரவும். உறைந்த ஈயத்தைத் திரும்ப உருக்கும்போது மெதுவாகவே சூடேற்றுங்கள். அடியில் முதலில் உருகி விரியும் ஈயத்துக்கு மேல்தட்டு மூடியாக இருந்தால் ஓரத்தில் பீறிடும். வார்த்த குண்டுகளில் குழிக்கு ஒன்றாக எடுத்துச் சமையலறைத் தராசில் அல்ல, தனித் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். 3 அவுன்ஸ் என்று அச்சில் எழுதியிருந்த என் குழியில் மென்மையான ஈயம் 89 கிராம் வருகிறது, டயர் கடைச் சரக்கு 86.